சேர்க்காமல் சிறக்கும் உலோகம்

நம் வட்டாரத்தில் வாழ்வோர்க்கு இருவகை அடிகள் நன்கு பழக்கமானவை. ஒன்று, தோல் பதனிடும் தொழிற்சாலையில் காய்ந்த தோலின்மீது விழும் அடி. ஸ்டேக்கிங் எந்திரத்தின் முனைகள் மேலும் கீழுமாக அழுத்தி இழுக்க, பலகைபோல் விறைத்திருந்த தோல் துணிபோல் குழைகிறது. மற்றொன்று, பாத்திரப் பட்டறையில் செம்பின்மீது விழும் அடி. பிரியாணி சமைக்கும் தேக்சாவின் பக்கம் நசுங்கிப் போனால், கலாய் பூசுமுன் அதனைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவர். தட்டத் தட்டச் செம்பு விறைக்கிறது. ஓர் அளவைக் கடந்து தட்டினால் அது வெடித்துவிடும் என்பதறிந்த கைவினைஞர், இடையே அதனைத் தீயில் காய்ச்சி மீண்டும் இளகச் செய்கிறார்.

அடித்தால் தோல் இளகுகிறது. அடித்தால் செம்பு இறுகுகிறது. ஒரே செயல் இருவேறு பொருள்களில் நேர்மாறான விளைவுகளைத் தருவது ஏன்? நாள்தோறும் இவ்விரு ஓசைகளையும் கேட்டு வளர்ந்த நாம் இவ்வினாவை எழுப்பியதுண்டா? எழுப்பியிருந்தால், இன்றைய உலோகவியலின் மிகச் சிறந்த வாயில்களுள் ஒன்று நம் வீட்டுத் திண்ணையிலேயே திறந்திருக்கும்.

இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்பும் கருத்து ஒன்றே. ஒரு பொருளை மேம்படுத்த இரண்டு வழிகள் உண்டு. அதனோடு வேறொன்றைச் சேர்ப்பது முதல் வழி. அதனுள் ஏற்கெனவே இருப்பதை வேறு வகையாக அடுக்குவது இரண்டாம் வழி. முதல் வழியில் நெடுந்தொலைவு சென்று, அதன் பயனையும் கேட்டையும் ஒருசேரக் கண்டவர்கள் பாலாற்றுப் படுகையில் வாழும் நாம். ஆகவே இரண்டாம் வழியைப் பற்றி எண்ணும் கடமை பிறரைவிட நமக்கு மிகுதி.

உலோகத்தின் உள்ளே

தோல் என்பது நுண்ணிய இழைகள் பின்னிப் பிணைந்த ஒரு வலை. காயும்போது அவ்விழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எந்திரத்தின் அடி அந்த ஒட்டுதலை விடுவிக்கிறது. இழைகள் தனித்தனியே அசையத் தொடங்கவே தோல் குழைகிறது.

உலோகத்தில் இத்தகைய இழைகள் இல்லை. அதன் அணுக்கள் வரிசை வரிசையாகவும் அடுக்கடுக்காகவும் ஒழுங்குற அமைந்துள்ளன. இவ்வொழுங்கினையே படிகம் என்கிறோம். ஒரு செப்புத் தகடு முழுவதும் ஒரே படிகமாக இருப்பதில்லை. எண்ணற்ற சிறு படிகங்கள் இடைவெளியின்றி நெருங்கி அமைந்த கூட்டமே அது. இச்சிறு படிகம் ஒவ்வொன்றையும் 'மணி' என்று வழங்கலாம். ஒரு மணியில் அணு வரிசைகள் நோக்கும் திசை வேறு. அடுத்த மணியில் அவை நோக்கும் திசை வேறு. இரண்டும் சந்திக்கும் இடம் 'மணி எல்லை'. துத்தநாகம் பூசிய புதிய வாளியின்மீது பூப்பூவாகத் தெரியும் திட்டுகளை மாணவர்கள் பார்த்திருக்கக்கூடும். அவை துத்தநாகத்தின் மணிகளே. அங்கே அவை கண்ணுக்குத் தெரியுமளவு பெரியவை. பெரும்பாலான உலோகங்களில் அவை சில பத்து மைக்ரோமீட்டர் அளவினவாய், தலைமயிரின் தடிப்பையும்விடச் சிறியனவாய் இருக்கும்.

ஒழுங்காக அடுக்கப்பட்ட அணுக்களைக் கணக்கின்படி நகர்த்தப் பெரும் விசை வேண்டும். ஆயினும் தூய செம்புக் கம்பியைக் குழந்தையும் வளைத்துவிடுகிறதே! இப்புதிருக்கு 1934ஆம் ஆண்டில் டெய்லர், ஒரோவான், போலான்யி என்னும் மூவர் தனித்தனியே ஒரே விடையைக் கண்டனர். திருமண மண்டபத்தில் விரித்த பெரிய கம்பளத்தை மொத்தமாக இழுத்து நகர்த்துவது கடினம். அதன் ஓரத்தில் ஒரு மடிப்பை எழுப்பி, அம்மடிப்பை மறுகோடி வரை தள்ளிச் சென்றால் கம்பளம் எளிதாக நகர்ந்துவிடும். உலோகத்தின் அணு அடுக்குகளிலும் இத்தகைய 'மடிப்புகள்' உண்டு. அவற்றை இடப்பிறழ்வுகள் எனலாம். அவை நகர்வதாலேயே உலோகம் வளைகிறது.

அவ்வாறாயின் அடிக்க அடிக்க உலோகம் ஏன் இறுகுகிறது? ஒவ்வோர் அடியும் புதிய இடப்பிறழ்வுகளைப் பிறப்பிக்கிறது. காய்ச்சி ஆற்றிய மென்மையான உலோகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பை ஏறத்தாழப் பத்து இலட்சம் இடப்பிறழ்வுகள் கடந்து செல்லும். கடுமையாக அடிக்கப்பட்ட உலோகத்தில் அவ்வெண்ணிக்கை பத்தாயிரம் கோடியைத் தாண்டிவிடும். அகன்ற சாலையில் ஒரு வண்டி விரைந்து செல்லும். ஆயிரம் வண்டிகள் ஒரே சந்திப்பில் குவிந்தால் ஒன்றும் நகராது. இடப்பிறழ்வுகளும் அவ்வாறே ஒன்றையொன்று மறித்துச் சிக்கிக்கொள்கின்றன. குறை சிலவாக இருக்கும்போது உலோகம் மெலிகிறது. அக்குறையே பல்கிப் பெருகும்போது வலுக்கிறது. இயற்கையின் வியத்தகு முரண்களுள் இதுவும் ஒன்று.

கையில் ஒரு மெல்லிய செப்புக் கம்பி இருந்தால் இதனை இப்போதே சோதிக்கலாம். கம்பியை ஒருமுறை வளைத்துப் பின்னர் நிமிர்த்திப் பாருங்கள். வளைத்த அதே இடம் நேராகாது. அதற்கு இருபுறமும் உள்ள பகுதிகளே வளைந்து கொடுக்கும். வளைத்த இடம் இறுகிவிட்டது என்பதே இதன் பொருள்.

கடும் மீளா உருத்திரிபு

இழுத்துவிட்ட சுருள்வில் மீண்டும் பழைய வடிவம் பெறுகிறது; அது மீள் உருத்திரிபு. வளைத்த செப்புக் கம்பி வளைந்தபடியே நிற்கிறது. அது மீளா உருத்திரிபு. ஆங்கிலத்தில் இதற்குப் 'பிளாஸ்டிக்' என்னும் அடைமொழியைச் சேர்ப்பர். அச்சொல்லைக் கேட்டவுடன் நம் மாணவர்க்குக் குடமும் பையும் நினைவுக்கு வருமேயன்றி உலோகம் நினைவுக்கு வாராது. 'மீளா' என்னும் ஒரு சொல் அக்குழப்பத்தை நீக்கிவிடுகிறது. தமிழில் அறிவியல் எழுதுவதன் பயன் இங்கே வெளிப்படுகிறது.

சாதாரண அடியும் உருட்டலும் இடப்பிறழ்வுகளைப் பெருக்குவதோடு நின்றுவிடும். அவ்வெல்லையைக் கடந்து மேலும் மேலும் உலோகத்தைத் திரித்தால் ஒரு புதுமை நிகழ்கிறது. சிக்கிக் கிடந்த இடப்பிறழ்வுகள் சுவர்களாக அணிவகுக்கின்றன. அச்சுவர்கள் கூர்மையுற்றுப் புதிய மணி எல்லைகளாக மாறுகின்றன. ஒரு பெரிய மணி, எண்ணற்ற சிறு மணிகளாகப் பிரிகிறது. சில பத்து மைக்ரோமீட்டராக இருந்த மணியின் அளவு சில நூறு நானோமீட்டராகக் குறைந்துவிடுகிறது. ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு என்று கொள்ளலாம்.

மணி சிறுத்தால் வலிமை பெருகும் என்பதனை 1951இல் ஹால் என்பவரும் 1953இல் பெட்ச் என்பவரும் நிறுவினர். அவர்கள் கண்ட விதிப்படி, மணியின் அளவு நூறில் ஒன்றாகக் குறைந்தால் மணி எல்லைகளால் கிடைக்கும் வலிமை பத்து மடங்காகும். ஒவ்வோர் எல்லையும் இடப்பிறழ்வுகளின் நடையைத் தடுக்கும் மதில் அன்றோ? மதில்கள் மிகுந்தால் நடை குறையும்.

ஆனால் இவ்வளவு கடுமையாகத் திரித்தால் உலோகம் உடைந்துவிடாதா? தேக்சாவைத் தட்டுபவர் அஞ்சுவதும் அதுவே. மேலும், தகட்டை உருட்டிக்கொண்டே போனால் அது காகிதம்போல் மெலிந்துவிடும். இவ்விரு தடைகளையும் வென்றதே இத்துறையின் வரலாறு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பிரிட்ஜ்மன், 1930களில் உலோக வில்லையை மிகுந்த அழுத்தத்தில் இறுக்கிப் பிடித்து, அதே நிலையில் முறுக்கிக் காட்டினார். உயர் அழுத்த ஆய்வுகளுக்காக 1946ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பெற்றது. எல்லாத் திசைகளிலிருந்தும் அழுத்தம் தாங்கி நின்றால் வெடிப்பு திறக்க வழியில்லை என்பதே அவர் கைக்கொண்ட உத்தி.

1970களில் மின்ஸ்க் நகரின் சேகல் மற்றொரு முறையைக் கண்டார். ஒரே அகலமுள்ள இரு துளைகள் செங்கோணத்தில் சந்திக்கும் அச்சினுள் உலோகத் தண்டைத் தள்ளினார். திருப்பத்தைக் கடக்கும்போது தண்டின் உள்ளமைப்பு கடுமையாகத் திரிகிறது. வெளியே வரும் தண்டின் அகலமோ மாறுவதில்லை. ஆதலால் அதே தண்டை மீண்டும் மீண்டும் அதே அச்சில் செலுத்தலாம். ரஷ்யாவின் ஊஃபா நகரைச் சேர்ந்த வாலியேவ் குழுவினர் இம்முறைகளால் நுண்மணி உலோகங்களை உருவாக்கி உலகின் கவனத்தை ஈர்த்தனர். 1990களின் இறுதியில் ஒசாகாவின் சைத்தோ, சுஜி ஆகியோர் தகட்டைப் பாதித் தடிப்பாக உருட்டி, இரண்டாக வெட்டி, மேற்பரப்பைத் துலக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மீண்டும் உருட்டினர். நம் வீடுகளில் பரோட்டாவை மடித்து மடித்துத் தேய்ப்பதற்கு ஒப்பானது இது. பத்து முறை செய்தால் 1024 அடுக்குகள் உருவாகும். எட்டு முறை செய்த அளவிலேயே சாதாரண அலுமினியத்தின் வலிமை மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தது.

இவற்றுள் எதிலும் உலோகத்துடன் புதிதாக ஒன்றும் சேர்க்கப்படவில்லை என்பதனைக் கருதுக. உள்ளே சென்றது அலுமினியம். வெளியே வந்ததும் அலுமினியமே. மாறியது அடுக்கு மட்டுமே.

மருத்துவத்தில் ஒரு சான்று

மருத்துவத்தால் பெயர் பெற்ற வேலூர்க்கு அருகில் வாழும் நமக்கு ஒரு சான்று எளிதில் விளங்கும். எலும்பிலும் தாடையிலும் பொருத்தப்படும் உலோகம் பெரும்பாலும் டைட்டானியம். தூய டைட்டானியம் உடலோடு நன்கு ஒத்துப்போகும். ஆனால் அதன் வலிமை குறைவு. அதனால் ஆறு விழுக்காடு அலுமினியமும் நான்கு விழுக்காடு வனேடியமும் சேர்த்த கலவையைப் பயன்படுத்துகின்றனர். வனேடியம் உடலுக்கு ஏற்றதன்று என்னும் ஐயமோ நெடுங்காலமாக உண்டு.

வலிமையாக உருவாக்கப்பட்ட தூய டைட்டானியத்தில் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவு ஏறத்தாழ 70 கிலோ எடையைத் தாங்கும். மேற்சொன்ன கலவையில் ஏறத்தாழ 95 கிலோ. கடும் மீளா உருத்திரிபினால் மணிகளை நுண்ணியனவாக்கிய தூய டைட்டானியமோ ஏறத்தாழ 125 கிலோவைத் தாங்கியதாக வாலியேவ் குழுவினர் 2008இல் வெளியிட்டனர். வனேடியமும் இல்லை, வலிமையும் மிகுதி. இவ்வுலோகத்தால் வழக்கத்தைவிட மெல்லிய பல் பதியங்கள் செக் நாட்டில் செய்யப்பெற்று நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டுள்ளன.

பாலாறு கற்பித்த பாடம்

இனி நம் மண்ணுக்கு வருவோம். தோல் தொழில் நமக்குச் சோறிட்டது. பள்ளியும் கல்லூரியும் தந்தது. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியும், 1965இல் மேல்விசாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியும் எழுந்த வரலாற்றில் தோல் வணிகர்களின் கொடைக்குப் பெரும்பங்கு உண்டு. அந்த நன்றியை நாம் மறவோம். மறவாமலேயே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்.

28-8-1996 அன்று வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. குரோம் முறையில் தோல் பதனிட 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுகின்றன என்றும், இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாயிற்று என்றும் அத்தீர்ப்பு எடுத்துரைக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்னும் கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிபெற்ற இடங்களுள் அத்தீர்ப்பும் ஒன்று. 2019இல் வேலூர் மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாயிற்று. ஆற்றின் துயரமோ மூன்றாகப் பிரிந்து குறைந்துவிடவில்லை. 2025 ஜனவரியிலும் உச்சநீதிமன்றம் பாலாற்றின் கேட்டினைக் குறித்து மீண்டும் விரிவாகப் பேச வேண்டியிருந்தது.

சேர்ப்பதனால் பொருளை உயர்த்தும் வழியின் விலை இது. சேர்த்ததில் ஒரு பகுதியே தோலில் பற்றுகிறது. எஞ்சியது நீரோடு போகிறது. அந்த எச்சத்தை யார் சுமப்பது என்னும் வினாவை நாம் மிகவும் தாமதமாகவே கேட்டோம்.

'தோலை எதையும் சேர்க்காமல் பதனிட முடியுமா?' என்று தொழிலறிந்த பெரியோர் கேட்கக்கூடும். முடியாது. பச்சைத் தோல் அழுகும் இயல்புடையது. பட்டையோ குரோமியமோ வேறொன்றோ அதில் ஏறியே ஆக வேண்டும். உலோகத்தின் முறையைத் தோலின்மீது அப்படியே ஏற்றிவிடலாம் என்று நாம் கூறவில்லை. ஒரு பொருளை மேம்படுத்த முற்படும் ஒவ்வொருவரும், 'இதில் எதனைச் சேர்க்கலாம்?' என்று கேட்குமுன், 'இதில் இருப்பதை எவ்வாறு அடுக்கலாம்?' என்று கேட்கப் பழக வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

மறுபக்கமும் உண்டு

எதிர்வாதங்களை மறைத்து ஒரு கருத்தை நிறுவுதல் அறமன்று. இம்முறையால் உருவாகும் உலோகம் வலிமையுறும்போது நீளும் தன்மையைப் பெரும்பாலும் இழக்கிறது. சூடேற்றினால் நுண்மணிகள் மீண்டும் வளர்ந்து பெரிதாகிவிடும்; பெற்ற வலிமை போய்விடும். தேக்சாவைக் காய்ச்சும் கைவினைஞர் விரும்பிச் செய்வது இங்கே விரும்பாத இழப்பாகிறது. அழுத்தும் எந்திரங்களும் அச்சுகளும் பெரும் விசையைத் தாங்க வேண்டும். ஆதலால் ஆய்வுக்கூடங்களில் கிடைப்பவை பெரும்பாலும் சிறிய தண்டுகளும் வில்லைகளுமே. எந்திரத்தை இயக்கும் மின்சாரத்துக்கும் ஒரு விலை உண்டு. இத்தனை ஆண்டுகள் ஆகியும் இம்முறை பெருந்தொழிலாக வளராமைக்கு இவையே காரணங்கள்.

ஆயினும் தீர்க்க வேண்டிய சிக்கல்கள் மிஞ்சியிருக்கும் துறையே இளைஞர்க்கு ஏற்ற துறை. இராணிப்பேட்டையில் பாரத மிகுமின் நிறுவனத்தின் ஆலை இருக்கிறது; சிறு பட்டறைகள் பல உள்ளன; பொறியியல் பயிலும் மாணவர்கள் ஊர்தோறும் உள்ளனர். அச்சு செய்யவும், அது தேயாமல் காக்கவும், நீண்ட கம்பியை இடைவிடாது செலுத்தவும் வழி காண்பது பட்டறையறிவும் நூலறிவும் கூடும்போதே கைகூடும்.

எழுதாமல் இழந்தோம்

கையறிவு நமக்குப் புதிதன்று. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் பழங்கால இரும்புத் தொழிலின் உலைகள் அகழாய்வில் வெளிப்பட்டன. தென்னாட்டு மூசையில் உருவான எஃகு கடல் கடந்து சென்றது. ஒன்பதாம் நூற்றாண்டில் அறிஞர் அல்-கிந்தி, கலீஃபா முஅதசிமுக்காக வாள்களைப் பற்றியே தனியொரு நூல் எழுதினார். 'முஹன்னது' என்று அரபு மொழியில் வாளுக்கு ஒரு பெயருண்டு. இந்தியாவின் பெயரிலிருந்தே அச்சொல் பிறந்தது. 1795இல் ஜார்ஜ் பியர்சன் இலண்டனில் இவ்வெஃகைப் பற்றிய ஆய்வுரை அளித்தார். பின்னர் ஃபாரடேயும் இதனை ஆராய்ந்தார்.

கரிமம் மிகுந்த அந்த எஃகு, தவறான சூட்டில் அடித்தால் நொறுங்கும். ஏற்ற சூட்டில் பொறுமையாக அடித்தால் ஒப்பற்ற வாளாகும். 1970களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷெர்பியும் வாட்ஸ்வொர்த்தும் இத்தகைய மிகுகரிம எஃகை மிதமான சூட்டில் கடுமையாகத் திரித்து மணிகளை நுண்ணியனவாக்கியபோது, அது பாகுபோல் நீளும் தன்மை பெற்றது. தாம் உருவாக்கியது பழைய டமாஸ்கஸ் வாளின் எஃகுக்கு நெருங்கிய உறவு என்பதனைப் பின்னரே அவர்கள் உணர்ந்தனர்.

இங்கே நாம் பெருமிதம் கொள்வதோடு நின்றுவிடலாகாது. சங்கப் பாடல்களில் கொல்லனின் உலைக்களம் உவமையாக வருகிறது. எந்தச் சூட்டில், எத்தனை முறை, எவ்வளவு விசையோடு அடிக்க வேண்டும் என்னும் செய்முறை நூலோ நமக்குக் கிடைக்கவில்லை. பார்த்தவர் எழுதினர், செய்தவர் எழுதவில்லை. உலைகள் அணைந்தபோது அறிவும் அணைந்தது. இன்று தேக்சா தட்டும் கையும், தோலின் பதத்தை விரலால் தொட்டறியும் கையும் அதே நிலையில்தான் உள்ளன.

ஆகவே, தமிழ்த்துறையின் பணி இலக்கியத்தோடு முடிந்துவிடுவதில்லை என்று நாம் கருதுகிறோம். மாணவர்கள் விடுமுறையில் ஒரு பட்டறைக்கோ தொழிற்சாலைக்கோ சென்று, அங்கு வழங்கும் சொற்களையும் செய்முறைகளையும் கேட்டு எழுதி வரட்டும். இயற்பியல், வேதியியல் ஆசிரியர்கள் அவற்றின் காரணத்தைச் சொல்லட்டும். தமிழாசிரியர்கள் சொல்லைச் செம்மை செய்யட்டும். 'மணி', 'இடப்பிறழ்வு', 'மீளா உருத்திரிபு' என்று நாம் இங்கே கையாண்ட சொற்களினும் சிறந்தவை கிடைத்தால் மகிழ்வோடு ஏற்போம். தொழில் நடத்தும் பெரியோர்கள் மாணவர்க்குத் தம் வாயிற்கதவைத் திறந்துவிட்டாலே போதும், அதுவே பெருங்கொடையாகும்.

அடுத்த முறை தேக்சாவின்மீது சுத்தியல் விழும் ஓசை கேட்கும்போது நம் மாணவருள் ஒருவராவது நின்று, அச்செம்பினுள் என்ன நிகழ்கிறது என்று எண்ணிப் பார்ப்பாராயின், இக்கட்டுரை எழுதப்பட்டதன் பயன் நிறைவேறும்.